தோல் பதனிட்ட கைகளும் பாலாற்றின் உரிமையும்



அண்ணல் நபி (ஸல்) அவர்களின் துணைவியர்களில் அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோல் பதனிடும் தொழிலை நன்கு அறிந்தவர்கள். தம் கைகளாலேயே தோலைப் பதனிட்டு, தைத்து, அதில் கிடைத்த வருவாயை ஏழைகளுக்கு வழங்கி வந்தார்கள். தமக்குப் பின் தம் துணைவியரில் முதலில் தம்மை வந்தடைபவர் நீண்ட கையுடையவரே என நபிகளார் அறிவித்திருந்தார்கள். அக்கையின் நீளம் கொடையின் நீளமே என்பதை, ஸைனப் (ரலி) அவர்கள் மறைந்த பின்னர்தான் மற்ற அன்னையர் விளங்கிக் கொண்டனர். இறந்துபோன ஆட்டை வீசியெறிந்தவர்களிடம், அதன் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று நபிகளார் கேட்ட செய்தியும் ஆதாரப்பூர்வமான ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. ஆக, தோல் தொழில் நம் மார்க்கத்தில் இழிவான தொழில் அன்று. வீணாகிப் போவதைப் பயனுள்ளதாக மாற்றும் தொழில் அது.

இதை முன்வைத்து, நமக்கு மிக அருகில் நிகழ்ந்த ஒரு வரலாற்றை இம்மாதம் உங்கள் சிந்தனைக்குத் தருகிறோம். பாலாற்றங்கரையின் தோல் வணிகர்களும் அவர்களின் கொடையும், அந்த ஆற்றுக்கும் அதன் கரையில் உழுதவர்களுக்கும் நேர்ந்த கதியும் அடங்கிய வரலாறு அது. இதில் பெருமிதம் கொள்ளவும் இடம் உண்டு. தலைகுனியவும் இடம் உண்டு. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் படிப்பினை கிடைக்கும்.

பாலாற்றங்கரை வணிகர்கள்

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திர மாநிலத்தின் குப்பம் பகுதியைக் கடந்து, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழகத்தினுள் நுழைகிறது. ஆண்டின் பெரும்பாலான நாட்களில் அதன் மேற்பரப்பில் மணலே தெரியும். நீரோ மணலுக்கு அடியில் ஓடும். மணலைத் தோண்டி ஊற்றுக்கால்வாய் வெட்டி, அந்நீரை வயலுக்குக் கொண்டு சென்று நெல்லும் கரும்பும் தென்னையும் வளர்த்தனர் அப்பகுதி மக்கள். கிணறுகளில் சில முழ ஆழத்திலேயே இனிய நீர் கிடைத்தது.

இந்த ஆற்றங்கரையில்தான் வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் அமைந்துள்ளன. அண்டையில் பேரணாம்பட்டு இருக்கிறது. பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர்களில் தோல் தொழில் வேரூன்றியதற்கு நீர் ஒரு காரணம். கால்நடைச் செல்வம் மற்றொரு காரணம். மூன்றாவது காரணம் சமூகம் சார்ந்தது. தோலைத் தொடுவது தீட்டு என்று பலர் ஒதுங்கி நின்ற காலத்தில், தீட்டு என்னும் கருத்தே இல்லாத இஸ்லாமிய வணிகர்கள் அத்தொழிலில் முதலிட முன்வந்தனர். குழிகளில் இறங்கிக் கடின வேலைகளைச் செய்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மக்களாவர். அவர்களுடன் ஏழை முஸ்லிம்களும் உழைத்தனர்.

அக்காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயுமே பதனிடும் பொருள்கள். சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து மயிர் நீக்கிய தோலை, பட்டைச் சாற்றில் பல வாரங்கள் ஊறவைப்பார்கள். இவ்வாறு அரைப் பதமாக்கிய தோல் சென்னைத் துறைமுகம் வழியாக இலண்டன் சந்தைக்குச் சென்றது. முதல் உலகப் போரின்போது (1914-1918) படைவீரர்களின் காலணிகளுக்காக இத்தோலைப் பிரிட்டிஷ் அரசே பெருமளவில் வாங்கியது. பாலாற்றங்கரை ஊர்களில் செல்வம் சேர்ந்தது.

கல்விக்குச் சென்ற இலாபம்

சேர்ந்த செல்வத்தை அவ்வணிகர்கள் என்ன செய்தார்கள் என்பதே இவ்வரலாற்றின் ஒளிமிக்க பக்கம்.

வாணியம்பாடி முஸ்லிம் கல்விச் சங்கம் 1901-இல் தோன்றியது. அச்சங்கத்தின் முயற்சியால் 1919-இல் இஸ்லாமியாக் கல்லூரி தொடங்கப்பட்டது. அன்றைய சென்னை மாகாணத்தில் பெரிய நகரங்களிலேயே கல்லூரிகள் அரிதாக இருந்த காலம் அது. ஒரு சிற்றூரின் தோல் வணிகர்கள் தம் இலாபத்தைத் திரட்டி உயர்கல்விக் கூடம் எழுப்பினர். ஆம்பூரைச் சேர்ந்த தோல் வணிகர் காக்கா முஹம்மது உமர் ஸாஹிப் அவர்கள் 1924-இல் உமராபாத்தில் ஜாமிஆ தாருஸ்ஸலாம் அரபிக் கல்லூரியை நிறுவினார்கள். நூறாண்டைக் கடந்து இன்றும் அங்கிருந்து ஆலிம்கள் பட்டம் பெற்று வருகின்றனர்.

மேல்விஷாரத்தைச் சேர்ந்த சி. அப்துல் ஹக்கீம் ஸாஹிப் அவர்களும் தோல் வணிகரே. சென்னை சென்ட்ரல் இரயில் நிலையத்திற்கு எதிரே பயணிகள் தங்குவதற்காகச் சித்தீக் சராயைக் கட்டியவர் அவர். அவருடைய பெயரைத் தாங்கிய கல்லூரி 1965 முதல் மேல்விஷாரத்தில் இயங்கி வருகிறது. சென்னையின் பெரும் தோல் வணிகரான ஜமால் முஹம்மது ஸாஹிப் அவர்களின் பெயரில் 1951-இல் திருச்சிராப்பள்ளியில் தொடங்கிய கல்லூரியை அறியாத தமிழ் முஸ்லிம் குடும்பம் இல்லை எனலாம். 1969-இல் ஆம்பூரில் மழ்ஹருல் உலூம் கல்லூரி உருவாயிற்று.

வாசகர்களே! உங்கள் வீட்டிலோ உறவிலோ இக்கல்விக் கூடங்களில் ஒன்றில் பயின்றவர் ஒருவரேனும் இருக்கக் கூடும். அவரது படிப்புக்குப் பின்னால் ஒரு தோல் வணிகரின் கொடை இருக்கிறது. சாதி, சமய வேறுபாடின்றி ஆயிரக்கணக்கான மாணவர்களை இக்கல்லூரிகள் பட்டதாரிகளாக்கியுள்ளன. "நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு" என்று இன்று வழங்கப்படும் கருத்து, இந்தியாவில் 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் வழியேதான் பெரிய நிறுவனங்களின் கடமையாயிற்று. அதற்கு நூறாண்டுகள் முன்பே, எந்தச் சட்டமும் கேட்காத நிலையில், இறையச்சமும் சமுதாயப் பற்றும் உந்தியதால் இவ்வணிகர்கள் அதைச் செய்தனர்.

பட்டையிலிருந்து குரோமியத்திற்கு

இனி வரும் பக்கம் வேறானது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிடும் முறை சென்னையில் அறிமுகமாகியிருந்தது. எனினும் பாலாற்றங்கரையின் பெரும்பாலான தொழிற்சாலைகள் பட்டை முறையையே நெடுங்காலம் தொடர்ந்தன. நிலைமையை மாற்றியது அரசின் கொள்கை. கச்சாத் தோலையும் அரைப் பதத் தோலையும் மலிவாக அனுப்பிவிட்டு, அவற்றைக் கொண்டு பிற நாடுகள் பெரும் பொருள் ஈட்டுவதைத் தடுக்க வேண்டும் என்று 1972-இல் சீதாராமையா குழு பரிந்துரைத்தது. 1973 முதல் கச்சாத் தோல் ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. அரைப் பதத் தோல் ஏற்றுமதிக்கு வரம்பு விதிக்கப்பட்டது. முழுமையாகப் பதனிட்ட தோலையும் காலணியையும் அனுப்புவதற்கு ஊக்கம் அளிக்கப்பட்டது. நாட்டுக்கு அந்நியச் செலாவணியும் மக்களுக்கு வேலையும் கிடைத்தன. அதே நேரத்தில் குரோமிய முறையும் பல்கிப் பெருகியது. பட்டை முறையில் பல வாரங்கள் எடுத்த வேலை, குரோமிய முறையில் சில நாட்களில் முடிந்தது.

இதன் விலை நீரில் கலந்தது. எப்படி என்பதை விளங்கிக் கொள்வது அவசியம். கெட்டுப் போகாமலிருக்கத் தோல் முதலில் உப்பிட்டு வரும். அதை ஊறவைக்கும்போது அவ்வுப்பு முழுவதும் கழிவுநீரில் இறங்கும். மயிர் நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் சேர்ப்பார்கள். பின்னர் சேர்க்கப்படும் குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் தோல் ஏற்றுக் கொள்ளும். எஞ்சியது நீரோடு வெளியேறும். ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் தேவைப்படுவதாகப் பின்னாளில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் பதிவாயிற்று.

அந்நீர் வாய்க்கால்களிலும் சாலையோரங்களிலும் வயல்களிலும் விடப்பட்டு, இறுதியில் பாலாற்றை அடைந்தது. ஓடும் ஆறாக இருந்திருந்தால் வெள்ளம் ஓரளவு அடித்துச் சென்றிருக்கும். பாலாறோ மணலுக்கு அடியில் நீரைச் சேமித்து வைக்கும் ஆறு. மேலே விட்டது கீழே இறங்கியது. இறங்கியது அங்கேயே தங்கியது. கிணறுகள் உவர்த்தன. உழவர் இறைத்த நீரே அவருடைய வயலைக் கெடுத்தது. வேலூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் ஆய்வின்படி, தோல் தொழில் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்று நீதிமன்றத்தில் எடுத்துரைக்கப்பட்டது.

பாலாறு நலிந்ததற்கு மேற்பகுதியின் தடுப்பணைகள், மணல் கொள்ளை, நகரங்களின் சாக்கடை ஆகியவையும் காரணங்களாகும். தோல் தொழிற்சாலை நடத்தியவர்கள் அனைவரும் முஸ்லிம்கள் அல்லர் என்பதும் உண்மையே. ஆயினும் பிறருடைய பங்கைச் சுட்டிக் காட்டுவதால் நம்முடைய பங்கு குறைந்துவிடாது. கெட்டுப்போன கிணறுகளுக்கு மதமும் இல்லை. அத்தொழிலால் வாழ்ந்த ஊர்களிலேயே குடிநீருக்காகக் குடத்தோடு காத்து நின்ற பெண்களில் நம் தாய்மார்களும் இருந்தனர்.

தொலைவிலிருந்த வாடிக்கையாளரும் அருகிலிருந்த உழவரும்

இவ்விடத்தில் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய ஒரு நிகழ்ச்சி உண்டு.

தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பென்டாகுளோரோஃபினால் என்னும் இரசாயனத்தைப் பயன்படுத்துவது வழக்கமாக இருந்தது. 1989-இன் இறுதியில் ஜெர்மனி அதற்குத் தடை விதித்தது. அணிபவரின் உடல்நலத்திற்குக் கேடு என்பது காரணம். நம் நாட்டுத் தோல் திருப்பி அனுப்பப்படும் அபாயம் எழுந்தது. உடனே அரசு விழித்துக் கொண்டது. 1948 முதல் சென்னையில் இயங்கிவரும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் சோதனை முறைகளையும் மாற்று வழிகளையும் வழங்கியது. தொழிற்சாலைகளும் சில ஆண்டுகளுக்குள் மாற்றுப் பொருளுக்கு மாறிவிட்டன. பின்னர் 1994-இல் சில வகைச் சாயங்களுக்கு ஜெர்மனி தடை கொண்டுவந்தபோதும் அவ்வாறே நிகழ்ந்தது.

மாற முடியும் என்பதற்கு இது சான்று. பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் நம் தோலைக் காலில் அணிபவர் மறுத்தபோது மாற்றம் விரைந்து வந்தது. அதே தோலைக் கழுவிய நீரைக் குடிக்க நேர்ந்தவர், அடுத்த வயலில் நின்று அதே ஆண்டுகளில் முறையிட்டுக் கொண்டிருந்தார். அவருடைய குரல் அவ்வாறு கேட்கப்படவில்லை. காரணம் எளிது. முன்னவரால் இலாபம் குறையும், பின்னவரால் குறையாது. அண்டை வீட்டாரின் உரிமையை வலியுறுத்தி ஜிப்ரீல் (அலை) அவர்கள் அடிக்கடி வந்ததால், அண்டை வீட்டாரை வாரிசாகவே ஆக்கிவிடுவார்களோ என்று நபிகளார் எண்ணினார்கள் என்பதை நாம் எத்தனை ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம்! வணிகப் பேரேட்டில் அந்த அண்டை வீட்டாருக்கு ஒரு வரி கூட ஒதுக்கப்படவில்லை.

1996-இன் தீர்ப்பு

உழவர்களும் பொதுமக்களும் நீதிமன்றத்தை நாடினர். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் தொழில் நாட்டுக்கு அந்நியச் செலாவணியையும் வேலைவாய்ப்பையும் தருகிறது என்பதை நீதிமன்றம் ஏற்றுக் கொண்டது. ஆயினும் சுற்றுச்சூழலை அழிக்கவும் மக்களின் உடல்நலத்திற்கு ஊறு செய்யவும் அது உரிமையாகாது என்று தெளிவுபடுத்தியது. மாசு உண்டாக்கியவரே அதற்கான ஈட்டைச் செலுத்த வேண்டும், தீங்கு வருமுன் தடுக்க வேண்டும் என்னும் இரு கோட்பாடுகளையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என அறிவித்தது.

மாசுபடுத்திய ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. சுத்திகரிப்பு வசதி ஏற்படுத்துவதற்கு 1996 நவம்பர் 30 வரை கெடு அளிக்கப்பட்டது. இழப்பைக் கணக்கிடத் தனி ஆணையம் அமைக்கவும் ஆணையிடப்பட்டது. அவ்வாணையம் 2001-இல், பழைய வேலூர் மாவட்டத்தில் பாதிக்கப்பட்ட 29,000-க்கும் மேற்பட்டோருக்கு 26 கோடி ரூபாய்க்கும் அதிகமான இழப்பீட்டை நிர்ணயித்தது. இன்று உலகின் சட்டக் கல்லூரிகளில் சுற்றுச்சூழல் சட்டம் பயிலும் மாணவர்கள் வேலூரின் பெயரை இவ்வழக்கின் வாயிலாகவே அறிகின்றனர்.

நம் ஃபிக்ஹு முன்பே சொன்னது

அன்பார்ந்தவர்களே! நீதிமன்றம் 1996-இல் சொன்னது நமக்குப் புதியதா?

பிறருக்குத் தீங்கிழைக்கவும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்யவும் கூடாது என்னும் கருத்துடைய நபிமொழியை அடிப்படையாகக் கொண்டு இமாம்கள் பெரும் சட்டத் தொகுதியையே எழுப்பினர். நீர்த்துறைகளில் அசுத்தம் செய்வது சாபத்திற்குரிய செயல்களில் ஒன்றாக ஹதீஸில் இடம்பெற்றுள்ளது. தன் வீட்டில், தன் நிலத்தில் ஒருவர் செய்யும் தொழில் அண்டையிலுள்ளவருக்குத் துன்பம் தருமானால் அதைத் தடுக்கலாமா என்ற கேள்வியை மாலிக்கி மத்ஹபின் அறிஞர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அவர்கள் எடுத்துக்காட்டிய தீங்குகளில் அடுப்புப் புகையும், திரிகை அதிர்வும், தோல் பதனிடும் இடத்தின் நாற்றமும் அடங்கும். பதினான்காம் நூற்றாண்டில் துனிஸ் நகரில் வாழ்ந்த கட்டடக் கலைஞரான இப்னு அர்ராமி இத்தகைய தீர்ப்புகளைத் தொகுத்துத் தனி நூலே எழுதினார். நாற்றத்தையே தீங்கெனக் கருதி ஆராய்ந்தவர்கள், குடிநீரில் கலக்கும் நஞ்சைப் பற்றி என்ன தீர்ப்பளித்திருப்பார்கள்?

உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா என்னும் சட்டத் தொகுப்பு, ஃபிக்ஹின் பொதுவிதிகளைச் சுருக்கமாகத் தருகிறது. நன்மையைத் தேடுவதைவிடக் கேட்டைத் தடுப்பது முந்தியது என்பது அவற்றுள் ஒன்று. ஆதாயத்தை அடைபவரே அதன் சுமையையும் ஏற்க வேண்டும் என்பது மற்றொன்று. அரபியில் இதை "அல்குர்மு பில் குன்ம்" என்பர். நீதியரசர்கள் கூறிய இரு கோட்பாடுகளையும் இவ்விரு விதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் மத்ரஸாக்களில் ஓதப்பட்டு வந்த விதி, நம் தொழிற்சாலைகளுக்கு நீதிமன்றத்தின் ஆணையாகத் திரும்பி வந்தது. அந்த மத்ரஸாக்களில் சிலவற்றைக் கட்டியது தோலின் இலாபம் என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

மத்யன் நகரத்தாரின் வரலாற்றையும் இங்கே நினைவுகூர வேண்டும். அவர்கள் வணிகர்கள். அளவையிலும் நிறுவையிலும் குறைவு செய்யாதீர்கள், பூமியில் குழப்பம் விளைவிக்காதீர்கள் என்று நபி ஷுஐப் (அலை) அவர்கள் எச்சரித்தபோது, எங்கள் பொருளை எங்கள் விருப்பப்படி செலவிடுவதற்கும் உம்முடைய தொழுகைக்கும் என்ன தொடர்பு என்ற கருத்தில் ஏளனம் செய்தார்கள். வணக்கம் வேறு, வணிகம் வேறு என்னும் வாதம் அவ்வளவு பழமையானது.

ஸதகா கடனை அடைக்காது

இவ்வரலாற்றின் மையமான கேள்விக்கு வருவோம். இலாபத்தில் பெரும்பகுதியைக் கல்விக்கும் ஏழைகளுக்கும் கொடுத்த ஒரு தொழில், உழவரின் கிணற்றைக் கெடுத்திருந்தால், அக்கொடை அக்கேட்டுக்கு ஈடாகுமா?

திவாலானவர் யார் என்று நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை தோழர்களிடம் வினவினார்கள். பணமும் பொருளும் இல்லாதவரே திவாலானவர் என்றனர் தோழர்கள். நபிகளாரோ, தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் கொண்டு மறுமையில் வருபவர், பிறரைத் திட்டியும் அவர் பொருளை உண்டும் இரத்தம் சிந்தியும் வந்திருப்பாரானால், அவருடைய நன்மைகள் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பங்கிடப்பட்டு, தீர்ந்த பின் அவர்களின் பாவங்கள் இவர்மீது சுமத்தப்படும் என்று விளக்கினார்கள். அம்மனிதரின் ஜகாத் போலியானதென்று ஹதீஸ் கூறவில்லை. அது உண்மையான நன்மையே. ஆனால் அந்த நன்மை அவரிடம் தங்கவில்லை.

அடியார்களின் உரிமையை, அதாவது ஹக்குல் இபாதை, அந்த அடியாருக்கே திருப்பிக் கொடுத்தாக வேண்டும். வாணியம்பாடிக் கல்லூரியில் பயிலும் மாணவருக்குக் கொடுத்த உதவித்தொகை, ஆற்றோரத்து உழவருக்குச் சேர வேண்டிய கடனை அடைக்காது. இன்னும் சொல்லப் போனால், கழிவைச் சுத்திகரிக்க ஆகும் செலவைக் கழிக்காமல் கணக்கிடப்பட்ட இலாபம் முழுவதும் இலாபமே அன்று. அதில் ஒரு பகுதி உழவரின் விளைச்சல். ஒரு பகுதி தொழிலாளியின் தோல் நோய்க்கான மருந்துச் செலவு. ஒரு பகுதி குடத்தோடு நடந்த பெண்ணின் நேரம். பிறருக்குரியதை முதலில் பிரித்துவைத்த பிறகே, தமக்குரியதிலிருந்து தர்மம் செய்ய முடியும். பட்டைக் குழிக் காலத்து முன்னோரின் கொடையை இது குறைத்து மதிப்பதாகாது. அவர்கள் விட்டுச் சென்ற நற்பெயரைச் சுமப்பவர்களுக்கு இது கூடுதல் பொறுப்பாகும்.

திருத்தமும் எஞ்சியிருப்பதும்

தீர்ப்புக்குப் பின் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்வது நியாயமன்று. தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் அமைக்க வசதியில்லாத சிறு தொழிற்சாலைகள் ஒன்றுசேர்ந்து, அரசின் உதவியோடு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தன. வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு ஆகிய இடங்களில் இவை செயல்படுகின்றன. முதலில் வந்த நிலையங்கள் கழிவின் அழுகலையும் குரோமியத்தையும் குறைத்தன. உப்பை நீக்க அவற்றால் இயலவில்லை. 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் நீரைச் சவ்வு வழியாக வடிகட்டி மீண்டும் பயன்படுத்தும் முறை வந்தது. ஊறவைக்கும் முன்பே தோலின் உப்பை உதறியெடுப்பதும், குரோமியத்தை மீட்டு மறுபடி பயன்படுத்துவதும் பரவின. மீட்ட குரோமியம் செலவையும் குறைத்தது. நேர்மையான வழி எப்போதும் நட்டத்தின் வழியாக இருப்பதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

ஆனாலும் கணக்கு முடியவில்லை. நீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பையும் சேற்றையும் எங்கே வைப்பது என்னும் கேள்வி நிற்கிறது. 2006-இல் வெளிநாட்டு அமைப்பொன்று உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது இராணிப்பேட்டையும் அதில் இருந்தது. 2015 ஜனவரி 31 அன்று அங்கே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, அருகில் உறங்கிக் கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். ஆற்றைக் காப்பதற்காக எழுப்பிய அமைப்பே பொறுப்பின்மையால் உயிர்களைக் குடித்தது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் இவ்விவகாரத்தில் தீர்ப்பளித்தது. இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு அரசு அதை வழங்கி, மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றும், ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. 1991-இல் மனு கொடுத்த காலத்தில் பிறந்த குழந்தைகள் இன்று தாமே பெற்றோராகிவிட்டனர்.

நம் வீட்டுக் கணக்கு

இதைப் படிக்கும் நீங்கள் தோல் தொழிற்சாலைக்கு உரிமையாளராக இல்லாதிருக்கலாம். ஆயினும் நம்மில் பலர் கடை வைத்திருக்கிறோம், பட்டறை நடத்துகிறோம், சாயம் போடுகிறோம், உணவகம் நடத்தி எண்ணெய்க் கழிவைச் சாக்கடையில் ஊற்றுகிறோம், இறைச்சிக் கடையின் கழிவைப் பையில் கட்டி ஏரிக்கரையில் எறிகிறோம். ஒவ்வொரு ரமளானிலும் கையிருப்பையும் சரக்கையும் கணக்கிட்டு ஜகாத் தொகையைப் பிரிக்கிறோம். அந்தக் கணக்கில் அமரும்போதே வேறொரு கேள்வியையும் கேட்டுக் கொள்வோம். இந்த இலாபம் வந்த வழியில் யாருடைய தண்ணீர் கெட்டது? யாருடைய மூச்சு திணறியது? எந்தத் தொழிலாளியின் பாதுகாப்புக்கு ஆக வேண்டிய செலவு என் பெட்டியில் மிச்சமாக இருக்கிறது? அப்படி ஏதேனும் இருக்குமானால், ஜகாத்துக்கு முன்பாக அதைத் தீர்க்க வேண்டும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு பணி உண்டு. நன்கொடை கொடுப்பவரை மேடையேற்றிக் கௌரவிக்கும் நாம், அவருடைய தொழிலின் கழிவு எங்கே போகிறது என்று அன்போடு கேட்பதும் அவருக்குச் செய்யும் நன்மையே. கொடுப்பவரின் கையைத் திவாலிலிருந்து காப்பது அது.

அன்னை ஸைனப் (ரலி) அவர்கள் தம் கைகளால் உழைத்தார்கள். அவ்வுழைப்பின் பலனைக் கொடுத்தார்கள். பாலாற்றங்கரை நமக்குத் தந்த கல்விக் கூடங்கள் நிலைக்கட்டும். அவற்றில் பயின்று வெளிவரும் வேதியியல் மாணவர்களும் பொறியாளர்களும் சட்டம் பயின்றோரும் அந்த ஆற்றுக்குரிய கடனைத் தீர்க்கும் பணியில் முன்நிற்கட்டும். முன்னோர் கட்டிய கல்லூரிக்கு இதைவிடச் சிறந்த நன்றி வேறில்லை.

ஹலாலான முறையில் பொருளீட்டி, பிறருடைய உரிமைகளை உலகிலேயே தீர்த்துவிட்டு, தூய கணக்கோடு தன்னைச் சந்திக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.